அம்மாவோடு மூன்று இரவு: அயோனா தீவு போதுமா, ஸ்கை தீவுக்குப் போவதா?

வழிப்போக்கன்:

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருடமாக எடின்பரோவில் இருக்கிறேன். ஜூன் இரண்டாம் வாரம் அம்மா வருகிறார். வயது 67. மூன்று இரவு எங்காவது கூட்டிக்கொண்டு போக நினைக்கிறேன்.

போன முறை வந்தபோது ஐந்து நாளில் எட்டு இடம் என்று அவரை இழுத்தடித்துவிட்டேன். கடைசி நாள் ஒரு கோட்டை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ப் பார்த்துட்டு வாப்பா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். அவர் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இந்த முறை ஒரே இடம், ஒரே அறை, அவசரமில்லாத நாட்கள். அது மட்டும் முடிவு.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் அயோனா என்ற சின்னத் தீவைப் பற்றிப் படித்தேன். ஆனால் அலுவலகத்தில் எல்லோரும், "ஐந்து கிலோமீட்டர் தீவில் மூன்று நாள் என்ன செய்வாய்? அரை நாள் போதும், மிச்ச நாளுக்கு ஸ்கை போ" என்கிறார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அம்மாவுக்கு முட்டிவலி. சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடப்பார், படி என்றால் கஷ்டம். சைவம், முட்டை சாப்பிடுவார். படகு என்றால் கொஞ்சம் பயம்.

அங்கே போய்த் தங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

ஈரக்காற்று:

தம்பி, அயோனாவுக்கே போங்கள். மூன்று இரவும் அங்கேயே தங்குங்கள். அரை நாள் போதும் என்று சொல்கிறவர்கள் அரை நாள் மட்டுமே அங்கே இருந்தவர்கள்.

நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். ஒரு சுற்றுலாக் குழுவோடு காலையில் ஓபன் என்ற துறைமுக ஊரிலிருந்து கிளம்பினோம். இரண்டு படகு, நடுவில் பஸ், தீவில் இரண்டே மணி நேரம். அங்கே இருக்கும் பழைய கிறிஸ்தவ மடத்தை ஓடி ஓடிப் பார்த்தேன், நின்றபடியே ஒரு சூப் குடித்தேன், திரும்பப் படகுத்துறையில் வரிசையில் வந்து நின்றேன். அப்போது பக்கத்தில் ஒரு விடுதி வாசலில் ஒரு பாட்டி வந்து, நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டு, மடியில் கம்பளியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் கிளம்பட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. படகில் ஏறிய பிறகும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் அதே இடத்தில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அதற்கப்புறம் ஆறு தடவை போயாயிற்று.

அந்தத் தீவில் 170 பேரைப் போலத்தான் குடியிருக்கிறார்கள். பகலில் படகு படகாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூட்டம் வடிந்துவிடும். கடைசிப் படகு போன பிறகு தெருவில் ஆட்டுக்குட்டி கத்துவதும் அலையும் மட்டும்தான் கேட்கும். ஜூனில் பத்து மணி தாண்டித்தான் சூரியன் மறையும். அதாவது பகல்கூட்டம் போன பிறகு உங்களுக்கு இன்னொரு முழு பகல் மிச்சம் இருக்கிறது. தீவு தங்குகிறவர்களுக்குக் கிடைப்பது அந்த ஐந்து மணி நேரத்தில்தான்.

பயணத்தைச் சொல்கிறேன். எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷன். அங்கிருந்து ஓபனுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். பெரும்பாலான ரயில்கள் கிரியன்லாரிக்கில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஓபனுக்கும் இன்னொரு பாதி மாலெய்குக்கும் போகும். எந்தப் பெட்டி எதற்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். லோமண்ட் ஏரி வலது ஜன்னலில் வரும். கிரியன்லாரிக் தாண்டினால் ஆ என்ற ஏரியும் அதன் ஓரத்தில் இடிந்து நிற்கும் கில்சர்ன் கோட்டையும் இடது ஜன்னலில் வரும்.

ஓபனில் இருந்து மல் தீவின் கிரெய்க்னூருக்குப் பெரிய படகு, முக்கால் மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம். அது கப்பல் மாதிரி. லிஃப்ட், உட்கார நல்ல இருக்கை, டீ எல்லாம் உண்டு, அம்மா பயப்பட வேண்டியதே இல்லை. படகு வந்து சேரும் நேரத்துக்கு ஏற்றபடி பஸ் நிற்கும். அது மல் தீவைக் குறுக்கே கடந்து ஃபின்னஃபோர்ட் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். ஒரே வண்டி போகிற அகலம்தான் அந்தச் சாலை. வளைந்து வளைந்து போகும். வயிறு புரட்டும் என்றால் அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். கடைசியாகச் சின்னப் படகு, பத்தே நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஃபின்னஃபோர்ட் கரையில் பாறையெல்லாம் இளஞ்சிவப்பு. 40 கோடி ஆண்டுப் பழமையுள்ள கிரானைட். எதிரே அயோனாவின் பெரும்பகுதி சாம்பல் நிறத்தில் வரி வரியாக ஓடும் வேறு பாறை. அதன் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நடுவில் ஒன்றரைக் கிலோமீட்டர் தண்ணீர்தான். வெயில் அடித்தால் அந்தத் தண்ணீர் வெள்ளை மணலுக்கு மேல் பச்சைக் கண்ணாடி மாதிரி தெரியும்.

வெளியூர்க்காரர்கள் அனுமதி இல்லாமல் தீவுக்குள் கார் கொண்டுபோக முடியாது. அதனால் கார் இல்லாதது உங்களுக்குக் குறையே இல்லை. அம்மா நடுத்தெருவில் நடக்கலாம். துறையிலிருந்து ஏறினால் இரண்டு மூன்று நிமிடத்தில் கன்னியர் மடத்தின் இடிபாடு. அதைத் தாண்டிப் பத்து நிமிடம் மெதுவாக நடந்தால் பெரிய மடம். ஏறக்குறைய சமதரைதான். தீவில் டாக்சியும் உண்டு. தங்குமிடத்தில் முன்னாடியே சொல்லி வையுங்கள்.

பெரிய மடத்துக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போங்கள். கொலும்பா என்ற துறவி அயர்லாந்திலிருந்து 12 பேரோடு 563-இல் வந்து இறங்கிய இடம் இந்தத் தீவு. இப்போது நிற்கிற கட்டடம் 1200-ஐ ஒட்டி பெனடிக்ட் சபைத் துறவிகள் தொடங்கியது. கொலும்பா கால மடம் மரமும் மண்ணுமாக இருந்து போய்விட்டது. ஆனால் மடத்து வாசலுக்கு எதிரே ஒரு சின்னப் பாறைமேடு இருக்கிறது. அதன் மேல் கொலும்பா உட்கார்ந்து எழுதிய குடில் இருந்ததாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 1957-இல் அங்கே தோண்டியபோது கரித்துண்டுகள் கிடைத்தன. தோண்டியவர் அவற்றைத் தீப்பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். 60 வருடம் கழித்து, 2017-இல், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் அந்தக் கரியைச் சோதித்து 540-க்கும் 650-க்கும் இடைப்பட்டது என்று சொன்னார்கள். கொலும்பா இறந்தது 597. ஊர் வாய்வழியாகச் சொன்னதைத் தீப்பெட்டிக் கரி காப்பாற்றிவிட்டது. அந்த மேட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மார்ட்டின் சிலுவையை மட்டும் பகலில் பார்க்காதீர்கள். எட்டாம் நூற்றாண்டில் ஒரே கல்லில் செதுக்கியது, நட்ட இடத்திலேயே இன்றும் நிற்கிறது. பகலில் அதைச் சுற்றி நாற்பது பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். மடத்துக்குள்ளே போகிற நேரம் முடிந்திருந்தாலும் சாயங்காலம் சாலையிலிருந்தே சிலுவை தெரியும். மேற்கு வெயில் சாய்வாக அடிக்கும்போது மேற்கு முகத்தில் உருவங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். நடுவட்டத்தில் மடியில் குழந்தையோடு மரியாள். கீழே சிங்கங்களுக்கு நடுவே தானியேல், வாளோடு ஆபிரகாம், யாழ் வாசிக்கும் தாவீது. மஞ்சளும் சாம்பலுமாகப் பாசி படர்ந்திருக்கும். பதினைந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் வெறும் கல்தான் தெரியும்.

பக்கத்திலே நிற்கும் யோவான் சிலுவை 1970-இல் கான்கிரீட்டில் வார்த்த நகல். அசல் உடைந்த துண்டுகளை ஒட்டி மடத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

கன்னியர் மடத்தை அம்மாவுக்கு விட்டுவிடுங்கள். என் மனசில் தீவிலேயே அழகான இடம் அதுதான். மல் தீவின் இளஞ்சிவப்புக் கல்லில் கட்டியது. கூரை இல்லை. சுவர் இடுக்கெல்லாம் பூச்செடி. நடுவே புல்தரை, உட்காரப் பெஞ்சு. மதிலுக்குள் காற்று அடங்கியிருக்கும். இந்த முறை பெஞ்சில் உட்காருவதே அவருடைய பயணமாக இருக்கட்டும்.

சாப்பாடு: அங்கே ஹோட்டல்களுக்குச் சொந்தக் காய்கறித் தோட்டம் உண்டு, சைவம் நன்றாகவே கிடைக்கும். சூப்பில் எலும்புச் சாறு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். ஒரு சின்னக் கடை இருக்கிறது, பால், ரொட்டி, பழம் வாங்கலாம். இன்றைக்கே போன் போட்டு அறை இருக்கிறதா என்று கேளுங்கள். ஜூனில் அறை கிடைப்பதுதான் பெரிய வேலை. கீழ்த்தள அறை வேண்டும் என்று சொல்ல மறக்காதீர்கள்.

---

மலைவழி:

ஈரக்காற்று சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை. அறை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு மாற்று சொல்கிறேன்: கீயா தீவு. கிண்டயர் முனையின் மேற்கே, டெயின்லோன் துறையிலிருந்து இருபது நிமிடப் படகு. கிளாஸ்கோவிலிருந்து காம்பெல்டவுன் போகும் பஸ் டெயின்லோனில் நிற்கும். ஆக ஒரு பஸ், ஒரு படகு, அவ்வளவுதான்.

பதினோரு கிலோமீட்டர் நீளம், ஒரே சாலை. 2002-இல் ஊர்மக்களே சேர்ந்து தீவை விலைக்கு வாங்கிவிட்டார்கள். காற்றாலைகள் வைத்து மின்சாரம் விற்கிறார்கள். அங்கே ஆகமோர் தோட்டம் என்று ஒன்று உண்டு. 1944-இல் தீவை வாங்கிய ஜேம்ஸ் ஹார்லிக் வளர்த்தது. ஆமாம், நாம் குடிக்கிற ஹார்லிக்ஸ் குடும்பம்தான். ரோடோடென்ட்ரான் பூக்கள் மே மாதத்தில் உச்சம், ஜூன் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும்.

பார்க்க என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இரண்டு கடற்கரை முதுகோடு முதுகு ஒட்டியிருக்கிற ஒரு மணல்திட்டு இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

ஸ்கை வேண்டாம். நல்ல இடம்தான், கார் வேண்டும், தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டமாகிவிடும்.

---

வழிப்போக்கன்:

அக்கா, மிக்க நன்றி. உங்கள் பதிலை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கன்னியர் மடத்துப் பெஞ்சு என்றதும் "அப்போ அங்கேயே போவோம்" என்றார். மூன்று இடத்தில் இல்லை என்றார்கள், நான்காவது இடத்தில் ஒருவர் ரத்து செய்ததால் கீழ்த்தள அறை கிடைத்துவிட்டது. கீயாவை அடுத்த வசந்தத்துக்கு வைத்துக்கொள்கிறேன், மலைவழி.

இன்னும் இரண்டு மூன்று சந்தேகம். ஸ்டாஃபா தீவுக்குப் படகு போகிறதாமே, அம்மாவால் முடியுமா? மழை பிடித்தால் என்ன செய்வது? திரும்பும் நாள் படகு ஓடாவிட்டால்?

---

ஈரக்காற்று:

ஸ்டாஃபாவைப் பற்றி நேராகவே சொல்கிறேன், அம்மாவுக்கு அது வேண்டாம். திறந்த கடலில் சின்னப் படகு, இறங்கியதும் செங்குத்தான படி, அங்கே இருக்கும் குகைக்குப் போக எரிமலைப் பாறைத் தூண்களின் தலை மேல் நடக்க வேண்டும். அந்தத் தூண்கள் பெரும்பாலும் அறுகோணம், ஈரத்தில் வழுக்கும். அலை அதிகம் என்றால் இறக்கவே மாட்டார்கள். உங்களுக்கு ஆசை என்றால் நீங்கள் மட்டும் ஒரு காலையில் போய் வாருங்கள், மூன்று மணி நேரம் போதும். ஜூனில் பஃபின் பறவைகள் இருக்கும். புல்மேட்டில் அசையாமல் உட்கார்ந்தால் கைநீட்டும் தூரத்தில் வந்து நிற்கும். மனிதர்கள் இருந்தால் கடற்காகம் கிட்ட வராது என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் எல்லாம் கடலுக்குப் போய்விடும்.

மழை வரும். மூன்று நாளில் ஒரு நாளாவது வரும். ஆனால் நாள் முழுக்க அடைத்துக்கொண்டு பெய்வது குறைவு, காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். குடை கொண்டுபோகாதீர்கள், காற்றில் நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டும் முழங்காலுக்குக் கீழே நனையாத கால்சட்டையும் வாங்கிக் கொடுங்கள். மழை நேரத்தில் அருங்காட்சியகத்தில் சிலுவைகளைப் பார்க்கலாம், இரவில் மடத்து ஆலயத்தில் வழிபாடு நடக்கும், யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். 1938-இல் ஜார்ஜ் மெக்லியோட் தொடங்கிய அயோனா சமூகத்தார் நடத்துவது. எந்த மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாட்டு நன்றாக இருக்கும்.

இரவு தூங்குவதற்கு முன் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். கார்ன்கிரேக் என்று ஒரு பறவை, ஆப்பிரிக்காவிலிருந்து ஏப்ரல் கடைசியில் வந்து சேரும். சீப்பின் பல்லை நகத்தால் இரண்டு முறை கீறினால் என்ன சத்தம் வருமோ அதுதான் அதன் குரல். கிரெக் கிரெக், கிரெக் கிரெக் என்று இரவு முழுக்கக் கேட்கும். புல்லுக்குள் மறைந்தே திரியும், கண்ணில் படாது. பிரிட்டனில் மற்ற இடங்களில் பெரும்பாலும் அழிந்துபோய் இந்தத் தீவுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. இயந்திரத்தால் முன்கூட்டியே புல் அறுத்ததில் குஞ்சுகள் செத்துப்போனதுதான் காரணம். இப்போது இங்கே புல்லறுப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். அறுக்கும்போதும் வயலின் நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு வருவார்கள், குஞ்சுகள் வெளியே ஓடிப் பிழைக்க வழி இருக்கட்டும் என்று. இதை ஒரு விவசாயி வேலிமேல் கைவைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து அந்தச் சத்தம் என் தூக்கத்தைக் கெடுத்ததே இல்லை.

பறவை என்றதும் இன்னொன்று. கொலும்பாவைப் பற்றி அடோம்னான் எழுதி வைத்த கதை. அவரும் பின்னாளில் அதே மடத்துக்குத் தலைவராக இருந்தவர். ஒரு நாள் கொலும்பா ஒரு துறவியைக் கூப்பிட்டு, "நாளை மறுநாள் மேற்குக் கரையில் போய்க் காத்திரு. அயர்லாந்திலிருந்து ஒரு கொக்கு காற்றில் அலைக்கழிந்து களைத்து வந்து விழும். பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப்போய் மூன்று நாள் இரவும் பகலும் பார்த்துக்கொள். அப்புறம் அது தெம்பாகித் தன் ஊருக்கே திரும்பிவிடும்" என்றாராம். அப்படியே வந்தது, மூன்று நாள் விருந்து சாப்பிட்டது, நாலாம் நாள் எழும்பி நேராக அயர்லாந்து நோக்கிப் பறந்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, நீங்கள் மூன்று இரவு என்று எழுதியதைப் படித்ததுமே எனக்கு அந்தக் கொக்குதான் நினைவு வந்தது.

அந்த மேற்குக் கரைக்கு டாக்சியில் அம்மாவைக் கூட்டிப் போகலாம், சாலை முடிகிற இடம் வரை. பரந்த புல்வெளி, சின்னச் சின்னப் பூ, அதற்கப்பால் அட்லாண்டிக். அந்த விரிகுடாவின் கேலிக் பெயருக்குக் கடலின் முதுகுப்பக்கத்து விரிகுடா என்று அர்த்தம் சொல்கிறார்கள்.

---

தேநீர்க்கோப்பை:

படகு ஓடாவிட்டால் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். போன அக்டோபரில் ஃபின்னஃபோர்ட்டில் ஐந்து மணி நேரம் நின்றவன் நான். ஜூனில் அப்படி நடப்பது அபூர்வம், இருந்தாலும் தென்மேற்குக் காற்று பலமாக அடித்தால் சின்னப் படகை நிறுத்துவார்கள். அதனால் அம்மாவின் விமானத்துக்கு முந்தின நாள் தீவிலிருந்து கிளம்புகிற மாதிரி வைக்காதீர்கள். நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். படகுக் கம்பெனியின் செயலியை இறக்கி, உங்கள் தடத்துக்கு எச்சரிக்கை வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓபன்-கிரெய்க்னூர் படகுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். அயோனா படகுக்கு நடந்து ஏறுகிறவர்களுக்கு முன்பதிவு வேண்டாம். சாயங்காலத்தோடு அது நின்றுவிடும், ஆகவே ஓபனில் மதியப் படகுக்கு முந்தியதைப் பிடியுங்கள்.

இன்னொன்று: அந்தச் சின்னப் படகில் ஏறுவதும் இறங்குவதும் சாய்தளத்தில். படி இல்லை, ஆனால் பாசி உண்டு, சில சமயம் அலை ஏறி வந்து காலை நனைக்கும். ஊழியர் கைகாட்டும் வரை அம்மா நகர வேண்டாம். அவரிடம் முட்டிவலி என்று சொன்னால் கைகொடுத்துக் கூட்டிப்போவார். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ. பெட்டியைச் சக்கரத்தில் உருட்ட முடியாது, முதுகுப்பையே நல்லது. சில விடுதிகளில் துறைக்கே வந்து பெட்டியை எடுத்துக்கொள்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

---

வழிப்போக்கன்:

போய் வந்துவிட்டோம். எழுத நான்கு நாள் தாமதமாகிவிட்டது.

சாய்தளத்தில் அலை வந்தது, தேநீர்க்கோப்பை. ஊழியர் ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்து, அலை பின்வாங்கும் வரை நிறுத்தி, "நௌ" என்றார். அம்மா அவர் கையை விடாமலே மேலே வரை நடந்தார்.

முதல் நாள் மடத்துக்குப் போகவே இல்லை. கன்னியர் மடத்தில் உட்கார்ந்தவர் ஏழு மணி வரை எழவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன், கொஞ்ச நேரம் தூங்கியும் விட்டேன். விழித்தபோது அம்மா சுவரோரம் நின்று இடுக்கில் முளைத்த ஒரு செடியின் இலையைக் கசக்கி முகர்ந்துகொண்டிருந்தார். "இங்கே இருந்த பொம்பளைங்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க?" என்று கேட்டார். நடுராத்திரியிலும் எழுந்து பிரார்த்தனை செய்வார்கள் என்றேன். "அந்தக் குளிர்லயா" என்று கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டாம் நாள் மழை. அருங்காட்சியகத்தில் சிலுவைத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, விடுதிக் கூடத்தில் கண்ணாடியோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தோம். அப்பாவைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்த்த கதையை அம்மா அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார். முப்பத்தோரு வயதில் முதல்முறையாகக் கேட்கிறேன். மழை விட்டதும் மார்ட்டின் சிலுவை. அக்கா சொன்ன மாதிரி முதலில் வெறும் கல்தான். வெயில் வந்த பிறகு தாவீதின் யாழை அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார்.

கார்ன்கிரேக் முதல் இரவே கேட்டது. யாரோ பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார்கள் என்று நினைத்தாராம். நடுவிலிருந்து ஓரத்துக்கு அறுக்கிற கதையைச் சொன்னேன். அடுத்த இரவு ஜன்னலை அவரே திறந்து வைத்தார்.

மூன்றாம் நாள் விடியற்காலை நான் மட்டும் தெற்கே கொலும்பா இறங்கிய விரிகுடாவுக்கு நடந்தேன். மேற்குப் புல்வெளி தாண்டி ஒரு ஏரியோரம் போகிற பாதை, சேறு அதிகம், போக மட்டும் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கரை முழுக்கக் கூழாங்கல். குனிந்து தேடி விரல்நகம் அளவில் ஒரு பச்சைக் கல் எடுத்தேன். பையில் போட்டுக்கொண்டு வருவதற்குள் அது காய்ந்து மங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது. ஏமாற்றமாக இருந்தது. அம்மா அதை வாங்கிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டார். மறுபடியும் பச்சை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் உள்ளே வெளிச்சம் ஊடுருவுகிறது.

மேற்குக் கரைக்கு அன்று மாலை டாக்சியில் போனோம். கொக்குக் கதையை அங்கே வைத்துச் சொன்னேன், அக்கா. அம்மா கடலைப் பார்த்தபடியே கேட்டுவிட்டு, "அந்தச் சாமியார்கிட்ட கொக்கைப் பார்த்துக்கச் சொன்னாரே, அவர் பேரு என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

---

ஈரக்காற்று:

தம்பி, அந்தத் துறவியின் பெயரை அடோம்னான் எழுதவில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள். கொக்கைத் தூக்கிக்கொண்டு போனவர் அன்று மாலை மடத்துக்குத் திரும்பியபோது கொலும்பா கேள்வி எதுவும் கேட்காமல், "விருந்தாளியை நன்றாகக் கவனித்தாய், உனக்கு ஆசி உண்டாகட்டும்" என்று சொன்னதாக மட்டும் இருக்கிறது.

கல்லைத் தண்ணீரிலேயே போட்டு வைக்கச் சொல்லுங்கள். என்னுடையது சமையலறை ஜன்னலில் ஒரு சின்ன ஜாடியில் இருக்கிறது, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறேன்.